மதியம் ஒன்றே முக்காலுக்கு மேடை ஏறுகிறவர்கள்

போன சனிக்கிழமை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஒரு சின்ன ஊரின் ப்ளூஸ் திருவிழாவில் வாசித்தோம். ப்ளூஸ் என்பது இங்கே கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. எங்களுக்குக் கொடுத்த நேரம் மதியம் ஒன்றே முக்கால். மேடைக்குக் கூரை இருந்தது, ஆனால் அது டிரம்ஸோடு முடிந்துவிட்டது. முன்னால் நின்ற நாங்கள் மூன்று பேரும் வெயிலில். எதிரே மடக்கு நாற்காலிகளில் ஐம்பது அறுபது பேர், பாதிப்பேர் குடையோடு.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "இந்த மண்ணின் கடைசி ப்ளூஸ் கலைஞர்களில் ஒருவர்" என்று எங்கள் பெரியவரை அறிமுகம் செய்தார். நல்ல கைதட்டல். பெரியவர் சிரித்துக்கொண்டே கிடாரைத் தோளில் மாட்டினார். அவருக்குப் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தது அவருடைய பேரன். வயது 19.

ஏழு வருஷமாக இந்தக் "கடைசி"யைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாக நட்பில் சேர்ந்தவர்களுக்கு: வார நாட்களில் மெம்ஃபிஸில் மென்பொருள் வேலை, வார இறுதிகளில் பேஸ் கிடார். பெரியவருடைய பழைய பேஸ்காரர் வேலை கிடைத்து டெக்சாஸ் போனபோது, "வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்று சேர்ந்தவன். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பெரியவருக்கு 71 வயது. 31 வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

திருவிழாவுக்கு வருகிற புகைப்படக்காரர்கள் நல்ல படம் எடுப்பார்கள். அடுத்த நாள் இணையத்தில் பார்த்தால் பெரியவர் இருப்பார், ஹார்மோனிகாக்காரர் இருப்பார், படத்தின் ஓரத்தில் என் கிடாரின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். மிசிசிப்பி ப்ளூஸ் படத்தில் திருநெல்வேலிக்காரன் நின்றால் அவர்களுக்குக் கணக்கு உதைக்கிறது. எனக்கு இதில் வருத்தம் கிடையாது, வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. ஆனால் என்னை வெட்டுகிற அதே கத்திரிதான் பேரனையும் வெட்டுகிறது. ஓட்டப்பந்தயச் செருப்பும் காதில் கம்மலுமாக டிரம்ஸ் வாசிக்கிற பையன் "கடைசி"க்குப் பொருந்த மாட்டான் இல்லையா.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். போன சனிக்கிழமை குழுவுக்குக் கிடைத்தது 700 டாலர். பெட்ரோலுக்கு 60 போனால் மீதி 640. பெரியவர் எப்போதும் சரிசமமாகத்தான் பிரிப்பார், ஆளுக்கு 160. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், வீடு திரும்ப இரவு ஒன்பது. வாசித்தது ஐம்பது நிமிஷம். சாப்பாட்டுக்குச் சீட்டு கொடுத்தார்கள், வறுத்த கெளுத்தி மீன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டெல்டா என்று சொல்லும் இந்த மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் கெளுத்தி மீனை மோசமாக வறுக்க யாருக்கும் தெரியாது.

ஏப்ரலில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊரில் தொடங்கும் இந்தத் திருவிழாப் பருவம். ஜூனில் பெண்டோனியா, ஆகஸ்டில் மறுபடி கிளார்க்ஸ்டேலின் சன்ஃபிளவர் திருவிழா, அக்டோபரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்க்கன்சாஸின் ஹெலினா. இவை பேர்போனவை. இவற்றுக்கு நடுவே பேர் தெரியாத எத்தனையோ ஊர்களின் பூங்காக்கள், நீதிமன்ற வாசல்கள், தேவாலய மைதானங்கள். எங்களைப் போன்ற குழுவுக்கு ஒரு வருஷத்தில் பதினாலு பதினைந்து சனிக்கிழமை தேறும். அதில் இரண்டை மழை கொண்டுபோகும். மழை பெய்தாலும் பணம் உண்டா என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்பதை, ஒரு தடவை நனைந்து வெறுங்கையோடு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டோம். இன்னொரு இடத்தில் காசோலை நாலு மாதம் கழித்து வந்தது. வாசித்தது ஜூலையில், காசு பார்த்தது நவம்பரில்.

வெயிலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஜூலையில் 35 டிகிரி இருக்கும். நமக்கு அது பெரிதில்லை என்று நினைத்துத்தான் முதல் வருஷம் போனேன். ஆற்றங்கரை ஈரக்காற்றும் சேரும்போது வேறு கதை. நிழலில் சுருதி சேர்த்த கம்பி வெயிலுக்கு வந்ததும் இறங்கிவிடும். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை திரும்பச் சேர்க்க வேண்டும். பெரியவர் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற உலோகக் குழாய், ஸ்லைடு, சுடும், அதனால் ஐஸ் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பார். போன வருஷம் என் ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) சூடேறி மூன்றாவது பாட்டில் தானாக அணைந்துவிட்டது. பேஸ் இல்லாமலே பாட்டு முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் கொஞ்சம் வலித்தது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பிடித்துத்தான் போகிறோம். எனக்குப் பிடிக்காதது "கடைசி" என்கிற அந்தச் சொல்.

இந்தச் சொல்லுக்கு வயது குறைந்தது அறுபது இருக்கும். 1928இல் இசைத்தட்டு பதிந்துவிட்டு, அது விற்காமல் போனதும் அவலான் என்ற சிற்றூருக்குத் திரும்பிப் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1963இல் ஒரு வெள்ளைக்கார இளைஞர் தேடி வந்து கதவைத் தட்டியபோது, எஃப்.பி.ஐ. ஆள் வந்துவிட்டார் என்று ஹர்ட் பயந்தாராம். அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடை ஏற்றினார்கள். மூன்றே வருஷத்தில், 1966இல், இறந்துபோனார். ஹர்ட்டைத் தேடி வந்ததற்கு நாலு வருஷம் முன்னால், 1959இல், பருத்திக் காட்டு வேலை முடித்துவிட்டு வந்த ஃபிரெட் மெக்டவலை கோமோ என்ற ஊரில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். அப்போதே நிறையப் பேர் நினைத்தது, இவர்கள்தான் மிச்சம், இவர்களோடு சரி என்று. அப்புறம் 90களில் ஆர். எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்பிரோவும் வெளியுலகத்துக்குத் தெரிந்தார்கள். மறுபடியும் அதே "கடைசி". இப்போது எங்கள் பெரியவர் முறை. கடைசி ஆட்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஹர்ட்டைக் "கண்டுபிடித்தோம்" என்றார்கள். அவர் எங்கே போனார்? 35 வருஷமாக ஊரில்தான் இருந்தார், வாசித்துக்கொண்டும் இருந்தார். தேடாதவர்களுக்குத்தான் அவர் காணாமல் போனவர்.

இந்தச் சொல் என்ன செய்கிறது என்றால், ஆளை அருங்காட்சியகப் பொருளாக ஆக்கிவிடுகிறது. பழம்பொருளுக்கு மரியாதை உண்டு, சம்பளம் கிடையாது. பொன்னாடை போர்த்திவிட்டுப் பஸ் காசு கொடுக்காமல் அனுப்புகிற வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பழம்பொருளிடம் யாரும் புதுப்பாட்டு கேட்பதில்லை. பெரியவர் சொந்தமாக எழுதிய பாட்டுகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று, குளிர்கால விடியலில் பள்ளிப் பேருந்தின் முதல் இருக்கையில் தனியாக உட்காரும் ஒரு சிறுவனைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. மேடையில் அதைத் தொடங்கினால் கூட்டம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விடும். நூறு பேர் பாடிய பழைய பாட்டை எடுத்தால் போனைத் தூக்கிப் படம் பிடிக்கும். ஓர் அமைப்பாளர் ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டு, "இதைவிடப் பழைய கிடார் இருந்தால் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வீட்டில் பேரனுடைய பிளாஸ்டிக் கிடார் இருக்கிறது, அதுவும் உடைந்ததுதான்" என்றார்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். இந்த ஊர்களில் கறுப்பின மக்கள் வீட்டுக் கல்யாணத்திலும் பிறந்தநாளிலும் "ப்ளூஸ்" என்று சொல்லிக் கேட்பதும் ஆடுவதும் பெரும்பாலும் சதர்ன் சோல் என்கிற வகை. கீபோர்டு இருக்கும், கணவன் மனைவி சண்டை இருக்கும், கிண்டல் இருக்கும். ஜாக்சன் நகரத்தின் மலாக்கோ நிறுவனம் இதில் எத்தனையோ பேரைப் பதிவு செய்திருக்கிறது. பாபி ரஷ் அறுபது எழுபது வருஷம் இந்தக் கூட்டங்களுக்குப் பாடியவர். முதல் கிராமி விருது 2017இல் கையில் வந்தபோது வயது 83. ஆனால் பல திருவிழாக்களில் கீபோர்டைக் கண்டாலே "இது அசல் இல்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆடுகிற பாட்டு அசல் இல்லை, விமானம் ஏறி வந்தவர் மனத்தில் வைத்திருக்கிற படம்தான் அசல். இது என்ன நியாயம்?

அந்தப் பழைய பாட்டும் ஆடுவதற்காகப் பிறந்ததுதான். சூலஹோமாவில் ஜூனியர் கிம்பிரோ நடத்திய கொட்டகைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனவர்கள் சொல்வார்கள், ஒரே ராகம் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வரும், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் 1998இல் போனார், 2000இல் அந்தக் கொட்டகையும் எரிந்துபோனது. இப்போது அதே ராகத்தை மடக்கு நாற்காலியில் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கேட்கிறார்கள். நாற்காலியை நான் வெறுக்கிறேன் என்று எழுதினால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் எழுதவில்லை.

சரி, கடைசி யார்? 2022 கிராமி விழாவில் பாரம்பரிய ப்ளூஸ் விருது செட்ரிக் பர்ன்சைடுக்கு. ஆர். எல். பர்ன்சைடின் பேரன், பதின்மூன்று வயதில் தாத்தாவுக்கு டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தவர். அதே விழாவில் சமகால ப்ளூஸ் விருது கிளார்க்ஸ்டேலில் 1999இல் பிறந்த கிறிஸ்டோன் "கிங்ஃபிஷ்" இங்ரமுக்கு. அவர் கிடார் கற்றது அதே ஊரில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் சிறுவர்களுக்கு நடத்துகிற வகுப்பில். ஒரே நாளில் இரண்டு மிசிசிப்பிக்காரர்கள், ஒருவருக்கு 43, இன்னொருவருக்கு 23. நாணல் குழல் வாசித்த ஓதா டர்னர் 2003இல் 95 வயதில் இறந்தபோது, குழுவைக் கையில் எடுத்தவர் அப்போது சிறுமியாக இருந்த பேத்தி ஷார்டே தாமஸ். பெண்டோனியாவில் ஜிம்மி "டக்" ஹோம்ஸ் இருக்கிறார். அப்பா அம்மா 1948இல் திறந்த புளூ ஃபிரன்ட் கஃபேயை அவர் 1970 முதல் நடத்துகிறார், அந்த ஊருக்கே உரிய சோகமான சுருதியைத் தேடி வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறார். 1972இல் தொடங்கிய பெண்டோனியா திருவிழாவுக்கும் அவர்தான் முதுகெலும்பு. இத்தனை பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி "கடைசி" என்கிறீர்கள்?

அமைப்பாளர்கள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன ஊர்களில் இவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத விழாக்கள் நிறைய. உள்ளூர் வங்கியும் பிணச்சடங்கு நிலையமும் கொடுக்கிற நன்கொடையில் மேடை, ஒலி, கழிப்பறை, காவல் எல்லாம் நடக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியூரிலிருந்து பெரிய பெயர் வராவிட்டால் கூட்டம் வராது என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பெரிய பெயருக்கு விடுதி, விமானம், பேசிய தொகை எல்லாம் முதலில் போய்விடும், மிச்சம் இருப்பது மதியத்துக்கு. நான் கேட்பது பெரிய பெயரை நிறுத்தச் சொல்லி அல்ல. சுவரொட்டியில் எங்கள் பெரியவர் முகத்தை அத்தனை பெரிதாகப் போடுகிறீர்களே, அந்த முகத்துக்கு ஏற்ற தொகையும் நேரமும் கொடுங்கள் என்றுதான். சாயங்காலம் ஆறு மணி கொடுத்துப் பாருங்கள். கூட்டம் ஆடுகிறதா இல்லையா என்று அப்போது தெரியும்.

நார்வேயில் நோட்டோடன் என்று ஓர் ஊர், கிளார்க்ஸ்டேலின் சகோதர நகரம். அங்கே 1988 முதல் ப்ளூஸ் விழா நடக்கிறது. மிசிசிப்பியில் மதிய வெயிலில் நிற்கிறவர்களை ஐரோப்பாவில் ராத்திரி மேடையில் ஏற்றுகிறார்கள் என்று இங்கே எல்லாக் கலைஞர்களும் சொல்வார்கள். பெரியவரிடம் கடவுச்சீட்டு இல்லை. விமானம் என்றாலே வேண்டாம் என்கிறார். அதனால் எங்களுக்கு மெம்ஃபிஸிலிருந்து டெல்டாவுக்குப் போகிற 61ஆம் நெடுஞ்சாலைதான்.

போன சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். அறிவிப்பாளர் "கடைசி" என்றதும் பெரியவர் சிரித்தார் என்று சொன்னேன் அல்லவா. கிடாரை மாட்டி, கம்பியைச் சரிபார்த்து, மைக்குக்கு வந்து, "நன்றி ஐயா. டிரம்ஸில் இருப்பவன் என் பேரன். அவனுக்கு இந்தச் செய்தி இன்னும் தெரியாது, தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. பையன் தாத்தாவுக்காகக் காத்திருக்காமல் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான், வழக்கத்தைவிட வேகமாக. பெரியவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பேருந்துப் பாட்டைத்தான் தொடங்கியிருந்தான். மூன்றாவது அடியில் முன்வரிசையில் ஓர் அம்மா நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

வருகிற சனிக்கிழமையும் இருக்கிறோம். நேரம் மதியம் இரண்டு, கால் மணி நேரம் முன்னேற்றம். மெம்ஃபிஸ் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், ஊர் பேர் சொல்கிறேன். டி-ஷர்ட் 20 டாலர், பெரிய அளவு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. குறுந்தட்டும் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டுக் கேட்க யார் வண்டியிலும் இப்போது வசதி இல்லை என்று பேரன் சொல்கிறான்.