சித்தப்பா ‘வெளியூர்’ போயிருந்த பத்தொன்பது நாள்

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முழு அட்டை மாத்திரை வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. “தம்பி, பிரஷர் மாத்திரை அஞ்சு குடு, கடலுக்குப் போயிட்டு வந்து மிச்சம் வாங்கிக்கிறேன்” என்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பேன். அட்டையின் எந்தப் பக்கம் வெட்டுகிறேன் என்று நான் கவனித்ததே இல்லை, போன வருடம் வரைக்கும்.

போன வருடத் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் கையில் காசில்லாமல், வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு வாய்த்தகராறு, அப்புறம் கைகலப்பு, இரண்டு பேருக்கு மண்டையில் தையல். வழக்கில் ஏழு பேர். அதில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் அடித்தாரா, விலக்கப் போனாரா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு: சிறைக்குள் போனவரின் வைத்தியம் என்ன ஆகிறது என்பது.

அவருக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்பார்மின், காலையில் கூடவே கிளைமிபிரைடு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு அவருக்கு மாத்திரைக் கவலையே இல்லை. 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்த திட்டம். எங்கள் தெருவுக்கு ஒரு அக்கா வருவார், வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், மாத்திரையைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அரசைத் திட்ட ஆயிரம் காரணம் வைத்திருக்கும் எங்கள் ஊர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காது.

கைது செய்த அன்று ராத்திரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் ‘மெடிக்கல்’ எடுத்தார்கள். ரிமாண்டுக்கு, அதாவது நீதிமன்றக் காவலில் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அது சட்டப்படி நடக்க வேண்டியது. நானும் வாசலில் நின்றேன். உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், எழுதினார்கள், கையெழுத்து ஆனது. ஆளுக்கு இரண்டு நிமிடம் இருக்கும். “தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. கையில் விலங்கோடு நிற்கிற மனுஷன் தனக்குச் சர்க்கரை இருப்பதையா யோசிப்பார்?

அந்தக் காயப் பரிசோதனை தேவைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது யாருக்காக நடக்கிறது? நாளைக்கு “போலீஸ் அடித்தது” என்று கைதி சொன்னால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். “உள்ளே வரும்போதே காயம் இருந்தது” என்று சிறைக்காரர்கள் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். வழக்குக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறார்கள். நோய்க்கு வேண்டியதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. இத்தனைக்கும் இன்றைக்கும் பேசப்படுகிற சிறைச் சட்டம் வெள்ளைக்காரன் 1894-ல் போட்டது. உள்ளே வருகிற கைதியைப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதன் 24-வது பிரிவு சொல்கிறது. அதில் முதலில் வருவது கைதியின் உடல்நிலை. காயமும் தழும்பும் அதற்கு அடுத்ததுதான். நாம் அடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சின்னம்மா மனு போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போனார். எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. ஒரு சிறையைக் குறை சொல்லி இன்னொன்றைத் தப்பவிடுவதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் இருந்த மாத்திரையை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோனார். வாசலில் பில் கேட்டார்கள். இலவசமாக வீடு தேடி வந்த மாத்திரைக்குப் பில் ஏது? அட்டையிலேயே ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. பில் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை, அதனால் முடியாது என்றுவிட்டார்கள்.

பாம்பன் பாலம் தாண்டித் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து அழுதார். பழைய சீட்டைத் தேடி எடுத்து, பில் போட்டு, பதினைந்து பதினைந்தாக வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளும் திரும்பி வந்தார். மெட்பார்மின் உள்ளே போய்விட்டது, கிளைமிபிரைடு போகவில்லை. நான் வெட்டிய பக்கத்தில் மருந்தின் பெயர் போய்விட்டது. பின்பக்கம் வெறும் வெள்ளித்தாள், ‘மி.கி.’ என்ற எழுத்தில் பாதி மட்டும் தெரிகிறது. “இது தூக்க மாத்திரையா இருந்தா நான்ல வேலையை இழக்கணும்” என்றாராம் வார்டர். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. வலி மாத்திரை, தூக்க மாத்திரை என்று உள்ளே என்னென்னவோ போகிறது. மாட்டினால் அவர்தான் மாட்டுவார். ஒரு மருந்தை உள்ளே விடலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற இடத்தில் மருந்து தெரிந்த ஒருவரும் இல்லை என்பதுதான் இதில் கோளாறு.

சித்தப்பா பத்தொன்பதாம் நாள் ஜாமீனில் வந்தார். கால் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னக் கீறல் இருந்தது, கைகலப்பு அன்று கிளிஞ்சல் குத்தியது. அந்த இரவு ‘மெடிக்கல்’ தாளில்கூட அது ஏறவில்லை, அவ்வளவு சின்னது. வெளியே வரும்போது அந்த இடம் கறுத்திருந்தது. சர்க்கரை 412. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது நடக்கிறார், கடலுக்கும் போகிறார். ஆனால் ஆடுகிற படகில் கால் ஊன்றி நிற்பதற்குச் சுண்டுவிரல் எவ்வளவு வேண்டும் என்பது அதை இழந்தவருக்குத்தான் தெரிகிறது.

இதை எழுதினால் கீழே என்ன கமெண்ட் வரும் என்று எனக்குத் தெரியும். “தப்பு பண்ணினவனுக்கு ஏன் நம்ம வரிப்பணத்துல வைத்தியம்?” சரி, கணக்கே பேசுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர்மேல் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. நிரூபணமான நாலாவது ஆளுக்கும் நீதிபதி எழுதியது இத்தனை வருடம் சிறை என்றுதான். கூடவே ஒரு விரல் என்று எழுதவில்லை.

வரிப்பணக் கணக்கும் தப்பு. சித்தப்பாவுக்கு அந்தப் பத்தொன்பது நாளுக்குத் தேவையான மாத்திரையின் விலை பத்துப் பதினைந்து டீ விலைக்கு மேல் வராது. விரலை எடுத்த செலவும் அரசு மருத்துவமனையில் நம் வரிப்பணம்தான்.

சிறை மருத்துவம் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது நெஞ்சுவலி வந்து ஏசி அறையில் படுத்திருக்கும் அரசியல்வாதி. சாதாரணக் கைதிக்கு வேண்டியது அதெல்லாம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் கிடைப்பதே போதும். சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரை விடாமல் கிடைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அறை பூட்டினால் விடிந்துதான் திறப்பு. அவ்வளவு நேரம் ஒரே காற்றை முப்பது பேர் மூச்சு விடுகிறார்கள். அதில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மிச்சக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஆறு மாத சிகிச்சையில் மூன்றாம் மாதத்தில் இருந்தவர் உள்ளே வந்து மாத்திரை நின்றுபோனால் அது அடுத்து மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம். ஜாமீனில் வந்து நம்மோடு அதே ராமேஸ்வரம் பஸ்ஸில்தான் ஏறுவார்.

சிரங்கு என்று ஒன்று. கேட்டால் சிரிப்பார்கள். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு பூராவும் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் அப்படியே செய்தால் அடங்கிவிடும். ஆனால் அந்த அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும், துணி போர்வையெல்லாம் அன்றைக்கே வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஒரு டியூப் கொடுத்தால் அது வீண். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் மாதக்கணக்கில் உள்ளே இருந்து திரும்பும் நம் பையன்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் என் கடைக்கு வந்து கேட்பது இந்தக் களிம்புதான். விரல் இடுக்கைக் காட்டுவார்கள். இக்கரைச் சிறையிலிருந்து வருகிறவர்கள் காட்டுவதும் அதே விரல் இடுக்கைத்தான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு இல்லை.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசமாட்டார்கள். தினமும் குடிக்கிற ஆளை திடீரென்று உள்ளே போட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார், சிலருக்கு வலிப்பு வரும். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் நடிக்கிறான் என்பார்கள், இல்லை பேய் பிடித்தது என்பார்கள். உயிர் போகக்கூடிய நிலை அது. வரும்போதே “தினமும் எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்போ குடிச்சீங்க?” என்று கேட்டுவிட்டால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

சிறைக்குள் வேலை செய்கிற மருத்துவர்களைத் திட்டுவது சுலபம், நான் திட்டமாட்டேன். சின்னச் சிறைகளில் முழுநேர டாக்டர் கிடையாது. பக்கத்து அரசு மருத்துவமனை டாக்டர்தான் தன் வேலைக்கு நடுவில் வந்து போவார். அவர் “இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க” என்று எழுதினாலும் வழிக்காவலுக்கு ஆயுதப்படை போலீஸ் வர வேண்டும். அன்றைக்கு ஊரில் திருவிழா, அமைச்சர் வருகை என்றால் எஸ்கார்ட் இல்லை. நோயாளி காத்திருப்பார். ஐ.நா. சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் உள்ளே இருப்பவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கின்றன. மருத்துவ முடிவைச் சிறை அதிகாரிகள் மாற்றக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மாற்ற வேண்டாம், எஸ்கார்ட் இல்லை என்று தள்ளிப்போட்டாலே போதுமே.

நார்வே 1988-லும் பிரான்ஸ் 1994-லும் சிறை வைத்தியத்தைச் சிறைத்துறையிடமிருந்து எடுத்துப் பொது சுகாதாரத்திடம் கொடுத்துவிட்டன. இங்கிலாந்தில் அந்த மாற்றம் 2006-ல் முடிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊரிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இத்தனை கிராமம், இத்தனை தெரு என்று வரைபடம் உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் சிறையையும் ஒரு தெருவாகச் சேர்த்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு நாள் நர்ஸ் உள்ளே போகட்டும். உள்ளே வருகிறவரின் பெயரைக் கேட்கும்போதே மாத்திரையையும் கேட்கட்டும். வெளியே கொடுத்த மருந்தை அதே அரசே உள்ளே கொடுக்கட்டும், பில்லும் வேண்டாம், மஞ்சள் பையும் வேண்டாம். எனக்கு வியாபாரம் போனால் போகிறது.

அது வரும்வரை ஒரு தகவல், யாருக்காவது உதவும். வீட்டில் ஒருவரை ரிமாண்ட் செய்யக் கூட்டிப்போனால், ஜாமீன் பேசுவதற்கு முன்னால் வக்கீலிடம் நோயைச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது “எனக்கு இந்த நோய், இந்த மாத்திரை” என்று சொல்லச் சொல்லுங்கள். சீட்டின் நகலை மனுவோடு வைத்து, சிறையில் மருந்து கொடுக்க உத்தரவு கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசம். நாங்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டது பதினான்காம் நாள்.

இன்னொன்று. அந்த மாதமும் மாத்திரை கொடுக்கிற அக்கா வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். “அவரு எங்க?” என்று கேட்டார். சின்னம்மாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெளியூர் போயிருக்கார் என்றுவிட்டார். அக்காவும் நோட்டில் ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

விரல் எடுத்த பிறகு ஒருநாள் சின்னம்மா உண்மையைச் சொன்னார். அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் என் கடைக்கு வந்தார். “ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்ல?” என்றார். அவரே யோசித்துவிட்டு, “என்னையும் உள்ள விட்டிருக்க மாட்டாங்க, இல்ல?” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியம்மா வந்து பிரஷர் மாத்திரை பாதி அட்டை கேட்டார். யாருக்கு என்று கேட்டேன். மகனுக்கு என்றார், சத்தத்தைக் குறைத்து. முழு அட்டையாகவே எடுத்துக் கொடுத்தேன்.