வீட்டை விற்காமலே பயணிக்கலாம்
ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. எனப்படும், வீட்டு வசதிகள் கொண்ட வண்டியிலேயே குடியேறலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. குளிர்காலத்தை மட்டும் அரிசோனாவில் கழிக்க விரும்பும் அமெரிக்கர்களுக்கு அது தேவையில்லை என்பேன். அங்குள்ள குவார்ட்ஸைட் ஊருக்கு அருகே அரசுப் பாலைவன நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டுடன் தங்கலாம். கவனம் வேண்டியது பூட்டிய வீட்டில்தான்: மினசோட்டா போன்ற கடுங்குளிர் மாநிலங்களில் குழாய்த் தண்ணீரை முழுவதும் வடித்து, கழுவுதொட்டியின் அடியிலுள்ள வளைகுழாயில் உறையாத் திரவம் ஊற்றாவிட்டால் குழாய் வெடிக்கக்கூடும், 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வீட்டில் நேரும் சில சேதங்களுக்குப் பல காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை என்பதால், அலுப்பாக இருந்தாலும் ஆவணத்தைப் படித்துவிட்டுப் புறப்படுவதே நல்லது. மெடிகேர் என்பது முதன்மையாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு; அதைத் தனியார் நிறுவனங்கள் வழியே பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தினர், தம் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து விலகியிருந்தால் பொதுவாக நீக்கப்படுவார்கள். அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் அந்தச் சிக்கல் இல்லை.