ஊருணிக் கரைக்கு ஒரு சைக்கிள் வேண்டும்

போன புரட்டாசியில் மகளைப் பார்க்கச் சிகாகோ போயிருந்தேன். ஏரிக்கரையோரமாக மின்சார சைக்கிளில் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். நான் சைக்கிளைத் தொட்டே இருபது வருஷம் இருக்கும், முட்டிவலி வேறு. ஆனால் அந்த வண்டியில் பெடலை லேசாக மிதித்தாலே, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது மாதிரி மோட்டார் கைகொடுக்கிறது. மிதிப்பதை விட்டால் அதுவும் விட்டுவிடுகிறது. பத்து நிமிஷத்தில் பயம் தெளிந்துவிட்டது.

மிச்சிகன் ஏரி என்று பெயர், கண்ணுக்குக் கடல்தான். கரையோரமாகக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டருக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். நேவி பியர் என்கிற படகுத்துறைப் பக்கத்தில் எங்களை நிறுத்தி, அதை ஒட்டியிருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டினார் வழிகாட்டி. ஊரே குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். ஊர்க் கழிவைச் சுமந்துகொண்டு ஏரியில் விழுந்த ஆற்றை, 1900-இல் கால்வாய் வெட்டி எதிர்த்திசையில் ஓட விட்டார்களாம். குடிக்கிற தண்ணீருக்காக ஆற்றையே திருப்பியிருக்கிறார்கள்!

இன்னொன்று. 1836-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அந்தக் கரையோர நிலத்தில் ஒரு பகுதியைப் பொது இடம், கட்டடம் எதுவும் இல்லாமல் என்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் அங்கே கட்டடம் வரப் பார்த்தபோது வழக்குப் போட்டவர் மாண்ட்கோமரி வார்ட். தபாலில் சரக்கு விற்ற வியாபாரி. 1890-இல் தொடங்கி இருபது வருஷம் விடாமல் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயித்திருக்கிறார்.

வியாபாரி என்று காதில் விழுந்ததுமே எனக்கு நம் செட்டிநாட்டு ஊர் நினைப்பு வந்துவிட்டது. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்தவர்கள் இங்கே வீடு மட்டுமா கட்டினார்கள்? ஊருக்குப் பொதுவான குளமாக ஊருணியும் வெட்டினார்கள். ஓட்டுச் சரிவில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்து ஊரையே அமைத்தார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததற்கு இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணம்.

குடிதண்ணீர் ஊருணிக்குள் செருப்புக் காலோடு இறங்க முடியாது. அப்பத்தா செம்பராங்கல் படியில் குனிந்து, குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை விரித்து வடிகட்டித்தான் தண்ணீர் மொள்ளும். வீட்டுக்கு வந்ததும் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிவிடும். சாயங்காலத்துக்குள் கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். அந்தப் படியில் இன்றைக்குப் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் கிடக்கின்றன. வரத்துக்காலை மண்ணடித்து மூடிவிட்டு, நடுவில் நீரூற்றும் கலர் விளக்கும் வைத்து அழகுபடுத்துகிறார்கள். தண்ணீர் வருகிற வழியை அடைத்துவிட்டு எதை அழகுபடுத்துவது?

நம் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி, அரை நாளில் ஒரு பெரிய வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், பிள்ளையார்பட்டி என்று காட்டி, இலைச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறோம். ஊருணிப் பக்கம் வேன் நிற்பதே இல்லை. அந்த வீடுகள் குடித்த தண்ணீரைக் காட்டாமல் வீட்டை மட்டும் காட்டினால், அது பாதிக் கதைதான். சிகாகோ மாதிரி நாமும் மின்சார சைக்கிளில் கூட்டிப் போய் ஊருணிகளைக் காட்டலாமே! நம் ஊர்களெல்லாம் பக்கம் பக்கமாக, மேடில்லாத சாலைகளில் இருக்கின்றன. கானாடுகாத்தானில் தொடங்கி ஆத்தங்குடி வரை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவான மின்சார வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வழிகாட்ட உள்ளூர்ப் பிள்ளைகளே போதும். அவரவர் அப்பத்தாவிடம் கேட்டதைச் சொன்னாலே யாரும் கேட்பார்கள். தினமும் பத்துப் பேர் வந்து நின்று பார்க்கிற கரையில் குப்பை கொட்ட யாருக்கும் கை கூசும்.

வண்டி வாங்கி நடத்த முன்வருகிற தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் வாருங்கள். எங்கள் ஊர் ஊருணிக்கு வரத்துக்கால் எந்தத் தெரு வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும், கூடவே வந்து காட்டுகிறேன். சார்ஜ் போட எங்கள் வீட்டுத் திண்ணையில் பிளக் பாயிண்ட் இருக்கிறது.