முழுக் காசுக்கும் உத்தரவாதமாம்!

சனத்திடம் வைப்புக் காசு சேர்க்கச் சனிக்கிழமை போட்ட கூட்டத்து வீடியோவைத் திருகோணமலையில் பார்க்காத ஆள் இனி இருக்க மாட்டார். அதற்குக் கீழே நான் போட்ட ஒரு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். 'வயிற்றெரிச்சல்', 'பீதி கிளப்புகிறார்', 'போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கு நிதி விசயத்தில் என்ன வேலை'. வாட்சப் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். சரி, இது என்னுடைய பக்கம், இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "முழுக் காசுக்கும் இல்லை தம்பி, ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைக்கும்தான்." மேடையில் நின்ற அந்த டை கட்டிய பிள்ளை, முன்வரிசையில் ஓய்வூதியக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு, "எவ்வளவு போட்டாலும் அரசாங்க உத்தரவாதம் இருக்கு ஐயா" என்று சொன்னதற்குத்தான் அந்த வரி. அவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, அது அவருடைய மனச்சாட்சிக்குத் தெரியும். ஆனால் 40 இலட்சம் வைத்திருக்கும் ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அதை நம்பி முழுவதையும் ஒரே இடத்தில் போட்டால் மிச்சம் 29 இலட்சத்துக்கு யார் பொறுப்பு? அதைத்தான் கேட்கிறேன். அதைக் கேட்டதற்குத்தான் வயிற்றெரிச்சல்.

அந்தப் பிள்ளை 'உத்தரவாதம்' என்று சொன்னது வைப்புக் காப்புறுதியை, அதாவது வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் காசு போட்டவருக்கு ஈடு கொடுக்கும் திட்டத்தை. இது இலங்கை மத்திய வங்கி 2010 ஒக்டோபரில் தொடங்கியது. முதலில் 2 இலட்சம், அப்புறம் 3, 2018இல் 6, 2021இல் 11. 2023இல் வந்த வங்கித்தொழில் விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கட்டாயம் இதில் உறுப்பினர். காப்புறுதிக்கான தவணைப் பணத்தை அவர்கள்தான் ஒரு நிதியத்துக்குக் கட்ட வேண்டும், நம்முடைய கணக்கில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. நிறுவனத்தின் உரிமம் போனால் அந்த நிதியத்திலிருந்து நமக்குக் காசு வரும். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 11. அதே இடத்தில் கடன் எடுத்திருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். அந்த நிறுவனத்துப் பணிப்பாளர்களின் வைப்புக்கு இது இல்லை, அதைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் மனம் ஆறுகிறது.

நல்ல திட்டம். நான் திட்டத்தைக் குறை சொல்லவில்லை, திரும்பத் திரும்பச் சொல்கிறேன், குறை சொல்லவில்லை. 2002இல் பிரமுக வங்கியை மூடியபோது இப்படி ஒன்று இருக்கவில்லை, சனம் பட்டபாடு வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல திட்டத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அந்த எல்லையை மறைத்துக்கொண்டு திட்டத்தின் பெயரில் காசு சேர்க்காதே என்பதுதான் என் கதை.

எங்கள் மாமியின் விசயத்தைச் சொன்னால்தான் என் கோபம் சிலருக்கு விளங்கும். மாமா துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் போன பிறகு கைக்கு வந்த காசு 24 இலட்சத்தை மாமி ஒரு நிதிக் கம்பனியில் போட்டார். பெயர் வேண்டாம். அப்போது காப்புறுதி எல்லை 6 இலட்சம். மாமி ஒன்றும் அப்பாவி இல்லை, எல்லை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், கேட்டும் இருக்கிறார். அதற்கு வீட்டுக்கே வந்து தேத்தண்ணி குடித்த அந்த ஏஜென்ட் சொன்ன உபாயம்: "நாலு சேர்டிஃபிகேட்டா பிரிச்சுப் போடுவம் அம்மா, ஒவ்வொண்டும் ஆறு, நாலுக்கும் தனித்தனியாக் கிடைக்கும்." நாலும் ஒரே கம்பனி, நாலும் மாமியின் பெயர். நாற்பது துண்டாகப் பிரித்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரே ஆள், ஒரே நிறுவனம்.

கம்பனி படுத்தது. மாமி அந்த நாலு சான்றிதழையும், அடையாள அட்டையையும், பாஸ்புக்கையும் கொண்டு என் கடைக்குத்தான் வந்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஓரம் மடங்காமல் வைத்திருந்தார். நாலையும் கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து அடித்துக் கொடுத்தேன். நாலுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரு 6 இலட்சம். மிச்சத்துக்கு, கம்பனியை மூடிக் கணக்கு முடிக்கும் கலைப்பாளர் அதன் சொத்தை விற்றுப் பிரிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். மாமி அதற்குப் பிறகு கம்பனியைத் திட்டியதை விட அந்தத் தேத்தண்ணியைத்தான் அதிகம் திட்டினார்.

அதனால் 'போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கு என்ன தெரியும்' என்று கேட்பவர்களுக்கு: காசு போடும்போது சனம் வங்கிக்குப் போகும், காசு போன பிறகு என் கடைக்குத்தான் வரும்.

பீதி கிளப்புகிறேனாம். 2023இல் அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கி பூட்டியபோது, 'வைப்பில் கை வைக்கப் போகிறார்கள், எல்லாவற்றையும் எடுங்கோ' என்று குரல் பதிவு பரப்பியது யார்? நானா? கையில் காசில்லாமல் சனம் பயந்திருந்த நேரத்தில், இன்று எனக்குப் பாடம் எடுக்கிறவர்களில் சிலர்தான் அதை ஃபோர்வேர்ட் செய்துகொண்டிருந்தார்கள். எல்லை தெரிந்தவன் பீதியடைய மாட்டான். 9 இலட்சம் வைத்திருப்பவன் வதந்தி வந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம், ஏனென்றால் அவனுடைய காசு முழுக்க எல்லைக்குள் இருக்கிறது. இந்தத் திட்டமே அதற்காகத்தான் வந்தது. எல்லை தெரியாதவன்தான் விடியற்காலையில் வங்கி வாசலில் வரிசையில் நிற்பான்.

'அரச வங்கியில் போட்டால் பயமே இல்லை' என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். இருக்கலாம். அரசாங்கம் அரச வங்கியை விழவிடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் காப்புறுதிச் சட்டத்தில் அங்கேயும் அதே 11தான்.

இன்னொருவர் டொரொண்டோவிலிருந்து, 'இதெல்லாம் சிறிலங்காவில்தான், இங்கே எங்கள் காசு பத்திரம்' என்று. அண்ணா, அங்கேயும் எல்லை இருக்கிறது, ஒரு இலட்சம் கனேடிய டொலர். உங்கள் வங்கியிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

இந்தப் பக்கத்து நிலைமை இன்னும் மோசம். கிராமத்துப் பக்கம் போனால் கூட்டுறவுச் சங்க வங்கி, சமுர்த்தி வங்கி, சீட்டு, மாதம் பத்து வீதம் தரும் 'இன்வெஸ்ட்மென்ட்'. எல்லாவற்றையும் 'வங்கி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சங்கத்து வங்கியும் சமுர்த்தியும் கெட்டவை என்று நான் சொல்லவில்லை, எங்கள் அம்மாவே சங்கத்தில் காசு போட்டவர். ஆனால் அவை மத்திய வங்கியின் உரிமம் பெற்றவை இல்லை, இந்தக் காப்புறுதிக்குள் வராது. சீட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2008 கடைசியில் விழுந்த கோல்டன் கீ என்ற கம்பனியில் போனதும் உரிமம் இல்லாத இடத்தில் போட்ட காசுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தபிறகு பாதியில் நிறுத்த முடியவில்லை. 11 இலட்சம் என்று வைத்தபோது டொலர் கிட்டத்தட்ட 200 ரூபாய். இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது. இடையில் 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு ஆசிரியை முப்பது வருசம் படிப்பித்துவிட்டு வாங்கும் பணிக்கொடையே இந்த எல்லையைத் தாண்டக்கூடும். அந்த எல்லையை உயர்த்தச் சொல்லி எழுதுங்கோ, கூட்டம் போடுங்கோ, நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். அதை விட்டுவிட்டு, எல்லையே இல்லை என்று சொன்னவருக்குக் கைதட்டிவிட்டு, எல்லை இருக்கிறது என்று சொன்னவனைக் குழுவிலிருந்து தூக்குகிறீர்கள். பத்து வருசத்துக்கு மேல் அந்தக் குழுவில் மரண அறிவித்தலும் இரத்த தான அழைப்பும் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொல் கேட்டுவிட்டுத் தூக்கியிருக்கலாம்.

என்னைத் தூக்கிய தம்பிக்கு: உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. நேரமில்லை என்றால் கடைக்கு வாங்கோ, நானே எடுத்து அடித்துத் தருகிறேன். கறுப்பு வெள்ளை இலவசம். கலரில் வேண்டுமென்றால் காசு.