தகவலாளி 14

1998இல் முனைவர் பட்டத்துக்காக ஒப்பாரிப் பாடல்கள் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரக் கிராமங்கள். டவுன் பஸ்ஸில் இறங்கி, தோளில் டேப் ரெக்கார்டரும் பையில் கேசட்டுமாக நடப்பேன். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பார்கள். அதனால் பாடச் சம்மதிக்கும் பெண்கள் என்னைக் கண்மாய்க் கரைக்கோ களத்துமேட்டுக்கோ கூட்டிக்கொண்டு போவார்கள். காற்று இரைச்சலோடுதான் எல்லாப் பதிவும்.

அப்படி ஒரு பாட்டி ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பாடினார். கிணறு வெட்டும்போது வெடியில் இறந்துபோன கணவருக்கான பாட்டு. பாறையில் குழி போட்டு மருந்து கெட்டித்த கையை, அதே கை மகளுக்குச் சடை பின்னிவிட்டதை, கிணற்றில் கடைசிவரை தண்ணீர் வராததை வரிசையாகச் சொல்லி அழுதார். முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "என் பேரப் போட்டுக்கிட்டியா தாயி?"

"போட்டுட்டேன் பாட்டி" என்றேன்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் இப்படி இருக்கிறார்: தகவலாளி 14, பெண், வயது சுமார் 65, விவசாயக் கூலி. அவருடைய பாட்டைப் பற்றி மட்டும் நான் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பதினோரு பக்கத்திலும் அது 'ஆய்வாளர் சேகரித்த பாடல்'.

அதே காலத்தில் என் முதல் கட்டுரை அச்சானது. துறையில் மூத்தவர் ஒருவர் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் வந்தது. அவர் ஒரு கிராமத்துக்கும் வந்ததில்லை, ஒரு வரியும் எழுதவில்லை. கட்டுரையை முழுதாகப் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். "அதுதான் வழக்கம்" என்றார்கள். அந்தக் கோபம் பல வருடம் எனக்குள் இருந்தது. பாட்டிக்கு நான் செய்ததும் அதேதான் என்று உறைக்க அதைவிட அதிக வருடங்கள் ஆயின. எனக்காவது இரண்டாவது இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு எண்.

நான் அலைந்த ஊர்களுக்குப் பக்கத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். 1928 மார்ச் 31ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒளிச்சிதறல் பற்றி வந்த அந்தச் சிறு கடிதத்தில் இரண்டு கையெழுத்து, சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணன். ஆனால் விளைவுக்குப் பெயர் இராமன் விளைவு, 1930இல் நோபல் இராமனுக்கு மட்டும். கண்டுபிடிப்பின் மூளை யாருடையது என்ற வழக்கைத் தீர்க்க நான் ஆள் இல்லை. ஆய்வின் திசை இராமனுடையது. நோபல் உரையில் அவர் கிருஷ்ணனின் பணியைக் குறிப்பிடவும் செய்தார். எனக்கு உறுத்துவது வேறு. கண்டுபிடிப்பு நடந்த 1928 பிப்ரவரி மாதத்தின் ஒவ்வொரு நாளும் கருவிக்கு முன்னால் யார் என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ள இன்று கிருஷ்ணனின் நாட்குறிப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் பெயர் வரிசை அதைச் சொல்வதில்லை. சொல்லும்படி அது அமைக்கப்படவே இல்லை.

2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைத் துல்லியமாக அளந்து, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டு பெரிய குழுக்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம், அதில் ஆய்வும் மேற்கோள் பட்டியலும் 9 பக்கம், மீதி முழுக்கப் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவியைக் கட்டியவரையும் பராமரித்தவரையும் விட்டுவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் யார் எதைச் செய்தார் என்று மட்டும் அதிலும் தெரியாது. சமீப காலமாகப் பல இதழ்கள் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து எழுதச் சொல்கின்றன. யோசனை யாருடையது, தரவு சேகரித்தது யார், மென்பொருள் எழுதியது யார், பணம் திரட்டியது யார், மேற்பார்வை யார் என்று. நம் சினிமா டைட்டில் கார்டு ரொம்ப காலமாகச் செய்வது இதைத்தான். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சண்டைப் பயிற்சி என்று ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு பெயர். தயாரிப்பாளர் பணம் போட்டார் என்பதற்காக அவரை ஒளிப்பதிவாளர் என்று யாரும் எழுதுவதில்லை.

கலை உலகம் இதில் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அங்கே நோய் தலைகீழ். பட்டறையில் பத்துப் பேர் வேலை பார்த்திருப்பார்கள், மூலையில் ஒரே ஒரு கையெழுத்து இருக்கும். ஆனால் அங்கேயும் வேறு மாதிரி செய்ய முடியும். சால் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் சுவரோவியங்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுப்பார், வரைவது மற்றவர்கள். அருங்காட்சியகங்களில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் முதன்முதலில் வரைந்தவர்களின் பெயரையும் போடுகிறார்கள். அதனால் லெவிட்டின் பெயர் ஒன்றும் சிறுத்துவிடவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை நான் முதலில் பாடமாகப் படித்தபோது இந்தக் கண்ணோடு படிக்கவில்லை. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறான் இராஜராஜன். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்பதோடு பெயர் பெயராக இருக்கிறார்கள். அது ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்று அளந்து கொடுப்பதற்கான கணக்கு, பெருமைப் பட்டியல் இல்லை என்பது தெரியும். கல் சுமந்தவர்கள் அதில் இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும் நானூறு பேரை எழுத அங்கே இடம் இருந்தது. என் ஆய்வேட்டில் எனக்குப் பாடிக்கொடுத்த 31 பேரின் பெயருக்கு இடம் இல்லாமல் போனது.

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் சொத்து என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பாதி உண்மை. மெட்டும் விளிகளும் உவமைகளில் பலவும் பொதுவானவைதான். ஆனால் மருந்து கெட்டித்த கை சடை பின்னியதை வேறு யாரும் பாடியதில்லை, பாடவும் முடியாது. அது ஒரு பெண் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கட்டியது. 'ஆசிரியர் இல்லை' என்ற கோட்பாடு, சேகரிப்பவரின் பெயர் மட்டும் அட்டையில் வருவதற்கு ரொம்ப வசதியாக இருந்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் என்பது அதைத் தயாரித்தவர்தான். பாடியவருக்குத் தனியாக உரிமை வந்தது 1994 திருத்தத்தில். நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளப்படுத்தப்படும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. பாட்டி அந்த உரிமையைச் சட்டத்துக்கு முன்பே வேப்ப மரத்தடியில் கேட்டுவிட்டார்.

பெயரை மறைப்பது ஆய்வு அறம் அல்லவா என்று மாணவர்கள் கேட்பார்கள். நோயைப் பற்றியோ சாதிக் கொடுமையைப் பற்றியோ ஒருவர் நம்பிச் சொன்னால் மறைக்கத்தான் வேண்டும். அங்கே பெயர் ஆபத்து. ஆனால் மறைக்கட்டுமா, போடட்டுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் தானாகக் கேட்டும் அதைச் செய்யவில்லை.

இப்போது அந்தப் பாடல்கள் புத்தகமாக வரப்போகின்றன. அட்டையில் என் பெயருக்குக் கீழே 'தொகுப்பும் குறிப்புகளும்' என்று மட்டும் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே பாடியவர் பெயர், ஊர். இதற்காகப் பழைய நோட்டுகளையும் கேசட் உறைகளையும் எடுத்துவைத்துத் தேடினேன், போன மாதம் அந்த ஊர்களுக்கும் போய் வந்தேன். பாட்டி இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பேரன் இருக்கிறார். கேசட்டை செல்போனில் ஏற்றிக் கொண்டு போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து பாதி கேட்டுவிட்டு, "மீதிய அப்புறம் கேட்டுக்கிறேன் அக்கா" என்று எழுந்து போனார். பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னது அவர் மனைவிதான்.

31 பேரில் 29 பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டு பேரை யாருக்கும் நினைவில்லை. அவர்களுக்கு எண் போட எனக்கு மனசில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. பெயர் தெரியாத புலவருக்கு அவருடைய பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். நானும் அதையே செய்கிறேன். ஒருவர் தன் பாட்டில் திரும்பத் திரும்ப, அணையாமல் கிடக்கும் அடுப்பைப் பற்றிப் பாடுகிறார். அவர் 'அணையா அடுப்பார்'. இன்னொருவருக்கு இன்னும் சொல் அமையவில்லை. பதிவில் காற்று இரைச்சல் அதிகம். தினம் ராத்திரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.