மோருக்குள் திரண்ட வெண்ணெய்

பி.ஏ. பொருளாதாரம் படித்த மூன்று வருடத்தில் 'நிறுவனம்' என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. நிறுவனம் உற்பத்தி செய்யும், நிறுவனம் லாபத்தை உச்சமாக்கும், நிறுவனத்தின் சமநிலை இந்தப் புள்ளியில் வரும். ஆனால் நிறுவனம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று ஒரு நாள்கூட வகுப்பில் பேச்சு வரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1932-லேயே 21 வயதுப் பையன் ஒருவன் அதைக் கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டான் என்பது படிப்பெல்லாம் முடிந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆடம் ஸ்மித்தின் குண்டூசிப் பட்டறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1776-ல் எழுதினார். ஒருவன் கம்பியை இழுக்கிறான், ஒருவன் நிமிர்த்துகிறான், இன்னொருவன் வெட்டுகிறான், நான்காமவன் முனை தீட்டுகிறான். இப்படி 18 வேலையாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசி செய்யலாம், தனியாக உட்கார்ந்தால் ஒருவனால் இருபதுகூட முடியாது. இதை வேலைப் பகுப்பு என்று பள்ளியிலேயே படித்தோம்.

பாடப்புத்தகத்தில் வராத ஒன்று அதே அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு கூலித் தொழிலாளியின் கம்பளிக் கோட்டு. ஆடு மேய்ப்பவர், கம்பளியைத் தரம் பிரிப்பவர், சாயம் போடுபவர், நூற்பவர், நெய்பவர் என்று எத்தனையோ பேர் கைபட்டு அது வருகிறது என்கிறார். ஊசியும் கோட்டும் ஸ்மித்துக்கு ஒரே விஷயத்துக்கான இரண்டு உதாரணங்கள். எனக்கு அங்கேதான் இடித்தது. கோட்டுக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் விலை பேசி வாங்குகிறார்கள். ஊசிப் பட்டறையில் கம்பியை நிமிர்த்தியவன் வெட்டுகிறவனிடம் எதையும் விற்பதில்லை. பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறான், அவ்வளவுதான். கம்பியும் அவனுடையது கிடையாது. பட்டறைக்குள்ளே சந்தையே இல்லை.

1832-ல் சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடி என்று நாம் படிக்கிற அதே மனிதர், இங்கிலாந்தின் குண்டூசிப் பட்டறைக் கூலியை வேலை வேலையாகப் பிரித்து அட்டவணை போட்டார். ஈயம் பூசுகிற ஆணுக்கு நாளுக்கு 6 ஷில்லிங். ஊசித் தலைக்குக் கம்பி முறுக்குகிற இடத்தில் நிற்கும் சிறுவனுக்கு நாலரைப் பென்ஸ். கணக்குப் போட்டால் பதினாறு மடங்கு வித்தியாசம். வேலையைப் பிரித்தால் கை வேகமாகும் என்றார் ஸ்மித். பிரித்தால் முதலாளி ஒவ்வொரு வேலைக்கும் தேவையான அளவு திறமையை மட்டும் விலைக்கு வாங்கலாம், கஷ்டமான வேலை தெரிந்தவனுக்குக் கொடுக்கும் கூலியைச் சுலபமான வேலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றார் பாபேஜ். வேலைப் பகுப்பைப் பற்றி நான் படித்ததிலேயே நேர்மையான பேச்சு இது. நம் வகுப்பில் இந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை. 1867-ல் மார்க்ஸ் பாபேஜையும் படித்துவிட்டு, வெளியே சந்தையில் அராஜகம், பட்டறைக்குள்ளே முதலாளியின் எதேச்சதிகாரம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக் காட்டினார்.

அதற்கப்புறம் பொருளாதாரப் பாடம் பட்டறையை விட்டு மெல்ல வெளியே வந்துவிட்டது. ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞரிடம் இன்னும் ஊர் வாசம் இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மாதிரி ஒரே தொழில் குவிந்த ஊரில் தொழில் நுணுக்கம் காற்றிலேயே கலந்திருக்கும் என்று 1890-ல் எழுதினார். 1928-ல் காப், டக்ளஸ் இருவரும் உற்பத்திச் சார்பு என்ற ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார்கள். அது ஒரு மூடிய பெட்டி மாதிரி: உழைப்பும் மூலதனமும் இந்தப் பக்கம் உள்ளே போகும், பொருள் அந்தப் பக்கம் வெளியே வரும். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், நாட்டின் வளர்ச்சியை அளக்க இன்றும் அது வேண்டும். ஆனால் நிறுவனம் என்றாலே அந்தப் பெட்டிதான் என்று ஆகிப்போனது. பெட்டிக்குள்ளே யார் யாருக்கு உத்தரவிடுகிறார்கள் என்ற பேச்சு பாடத்திலிருந்தே காணாமல் போனது.

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பையன், ரொனால்டு கோஸ், வருகிறார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பி.காம். மாணவர். 1931-ல் ஒரு உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனார், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் சுற்றிப் பார்த்தார். மனதில் இருந்தது ஒரே குழப்பம். நாடு முழுவதையும் ஒரே தொழிற்சாலை போல நடத்தலாம் என்கிறார் லெனின். அது நடக்காது, விலைதான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் என்கிறார்கள் மேற்கத்தியப் பொருளாதார அறிஞர்கள். சரி, அப்படியென்றால் அந்த மேற்கிலேயே ராட்சசத் தொழிற்சாலைகள் திட்டம் போட்டு, உத்தரவு போட்டு நடக்கின்றனவே, அது எப்படி? ஒரு தொழிலாளி ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிறான் என்றால் விலை மாறியதால் போகவில்லை, போகச் சொன்னதால் போகிறான் என்று எழுதினார்.

அவர் கண்ட பதில் எளிமையானது. சந்தையில் வாங்குவதற்கும் செலவு உண்டு. யார் என்ன விலைக்குத் தருவார் என்று விசாரிக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம் போட வேண்டும். அந்தச் செலவைவிட ஆளைச் சம்பளத்துக்கு வைத்து வேலை சொல்வது மலிவு என்றால் கம்பெனி பிறக்கிறது. உள்ளே வைத்துக் கட்டி மேய்ப்பது அதைவிடச் செலவாகும் இடத்தில் கம்பெனியின் எல்லை முடிகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பாடம் எடுக்கப்போன இடத்தில் 1932-லேயே இதை வகுப்பில் சொல்லிவிட்டார். கட்டுரையாக வந்தது 1937-ல், நோபல் பரிசு 1991-ல்.

அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே டென்னிஸ் ராபர்ட்சன் என்ற பொருளாதார அறிஞரின் ஒரு உவமையை எடுத்தாள்கிறார். யாரும் திட்டமிடாமல் தானாக நடக்கும் ஒத்துழைப்புக் கடல் நடுவே, திட்டமிட்டு ஆளும் தீவுகளாம் கம்பெனிகள். மோர் வாளியில் திரண்டு நிற்கும் வெண்ணெய்க் கட்டிகள் போல. தயிர் கடைந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கு அது புரிந்தது மாமா வீட்டை நினைத்துத்தான். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். நிட்டிங் வெளியே, சாயம் வெளியே, பிரிண்டிங் வெளியே, எல்லாம் ஜாப் ஒர்க். கட்டிங்கை மட்டும் யாருக்கும் விடமாட்டார், வெட்டினது வெட்டினதுதான், தப்பானால் துணி போச்சு. தையலில்தான் ஒவ்வொரு ஆர்டருக்கும் யோசனை. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரருக்கு விடுவதா, நாமே ஆள் வைப்பதா? வெளியே விட்டால் பீஸுக்கு ரேட்டு குறைவு. ஆனால் அவர் அதே வாரம் வேறொரு கம்பெனி பீஸை முன்னால் ஏற்றிவிட்டால் நம் ஷிப்மென்ட் நின்றுபோகும். மாமா டிவிஎஸ் ஃபிஃப்டியில் தினம் இரண்டு தடவை போய் அங்கே நிற்பார். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "ரேட்டு கம்மிதான் மாப்பிள்ளை. அவன் பின்னால அலையற அலைச்சலை எந்த நோட்டுல எழுதறது?" அடுத்த மாதம் எட்டு மிஷின் வாங்கிப் போட்டார். கோஸ் என்ற பேரே அவருக்குத் தெரியாது.

ஆனால் கோஸோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1974-ல் ஸ்டீஃபன் மார்க்லின் என்ற ஹார்வர்டு பொருளாதாரர் ஒரு கட்டுரையில் மறுத்துப் பேசினார். வீட்டில் இருந்தே நெய்துகொண்டிருந்தவர்களை ஆலைக்குள் கொண்டுவந்தது செலவு குறையும் என்பதற்காக மட்டுமில்லை, எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் வேலை நடக்க வேண்டும் என்ற பிடி முதலாளி கைக்கு வர வேண்டும் என்பதற்காகவும்தான் என்றார். அலைச்சல் குறைந்தது மாமாவுக்கு உண்மை. அந்த எட்டு மிஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இனி வாசலில் வந்து நிற்கும் நேரத்தை மாமாதான் முடிவு செய்வார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

இதை இன்று எழுதக் காரணம் எங்கள் தெரு டீக்கடை. மத்தியானம் டெலிவரி தம்பிகள் நாலைந்து பேர் அங்கே நிழலுக்கு ஒதுங்குவார்கள். ஒருவன் டீயை வாயில் வைத்தான், போன் அலறியது. திரையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. அது முடிவதற்குள் தொட வேண்டும். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். "விட்டா என்னப்பா ஆகும்?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். "ரெண்டு மூணு விட்டா அப்புறம் ஆர்டரே வராதுண்ணா. ஆனா நாங்க ஸ்டாஃப் இல்ல, பார்ட்னராம்."

கோஸ் தன் கட்டுரையின் முடிவில் சட்டப் புத்தகம் ஒன்றைத் திறந்து, முதலாளி தொழிலாளி உறவுக்கு அடையாளம் என்ன என்று பார்க்கிறார். எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது கூடாது, என்ன வேலை, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை. அந்த உரிமை இருக்கும் இடம்தான் கம்பெனி. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் பார்த்ததும் கிட்டத்தட்ட இதையேதான். கட்டணத்தை வைப்பது யார், சவாரியை மறுத்தால் என்ன ஆகிறது, பயணி கொடுக்கும் ரேட்டிங்கை வைத்து யாரை நிறுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓட்டுநர்கள் தொழிலாளர்கள்தான், குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது.

நம் நாட்டில் 2020-ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த டெலிவரி தம்பிகள் மாதிரி ஆட்களுக்குக் கிக் தொழிலாளர் என்று பெயர் வைத்து அவர்களைக் கணக்கில் எடுத்தது, அது நல்லதுதான். ஆனால் வரையறையிலேயே 'வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே' வேலை செய்பவர் என்று எழுதிவிட்டது. வட்டம் சுருங்குவதற்குள் தொட வேண்டிய அந்தத் தம்பி எந்த உறவுக்கு வெளியே இருக்கிறான்? உத்தரவு வரும்போது அவன் கம்பெனிக்கு உள்ளே இருக்கிறான். பெட்ரோலும் பஞ்சரும் அவன் தலையில் விழும்போது மட்டும் சந்தையில் தனியாக நிற்கிறான். உத்தரவு போடும் வெண்ணெயின் லாபமும், பொறுப்பில்லாத மோரின் மலிவும் இரண்டுமே தங்களுக்கு வேண்டும் என்கின்றன கம்பெனிகள். இது அநியாயம்.

பொருளாதாரம் கற்றுத்தரும் நண்பர்கள் இந்தப் பதிவைப் படித்தால் ஒரு கோரிக்கை. கோஸின் கட்டுரை மொத்தம் இருபது பக்கம். பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, உற்பத்திச் சார்பு நடத்தும் வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். கடைசி பெஞ்சில் சாயங்காலம் டெலிவரிக்குப் போகும் மாணவன் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். அவனைப் பேச விடுங்கள்.