பேப்பர் லாரிக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

போன மாதம் மலேசியாவில், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டைக் காலி செய்தோம். பரண்மேல் இருந்த தகரப்பெட்டியில் ஒரு நல்லதங்காள் கதை, கொட்டை எழுத்தில் அச்சடித்த அந்தக் காலத்து ‘பெரிய எழுத்து’ப் பதிப்பு. அட்டை இல்லை, முதல் நான்கு பக்கம் இல்லை, தாளைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஆனால் நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற பக்கத்தில் மட்டும் ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை, அத்தனை தடவை புரட்டியிருக்கிறார்கள். தோட்டத்து லயத்தில் தாத்தா ராகம் போட்டு வாசிப்பாராம், சுற்றி உட்கார்ந்த பெண்கள் நல்லதங்காளின் கொடுமைக்கார அண்ணி மூளி அலங்காரியைத் திட்டித் தீர்ப்பார்களாம். “மத்த புஸ்தகமெல்லாம் எங்க பெரியம்மா?” என்றேன். “சுராட் கபார் லாமா லாரிக்குப் போட்டாச்சுடா தம்பி.” பழைய பேப்பர் லாரியை மலாயில் சொல்கிறார்.

மனசு ஆறவில்லை.

குப்பை என்று ஒதுக்கியதைப் பிறகு தேடுவது புதிதல்ல. லண்டனில் 1844-இல் ரெனால்ட்ஸ் என்பவர் வாரம் ஒரு பென்னிக்கு, எட்டுப் பக்கம், ஒரு மரச்செதுக்குப் படம் என்று தொடர்கதை விற்றார். கூலிக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள், விமர்சகர்கள் குப்பை என்றார்கள், அப்புறம் எல்லாரும் மறந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் அவரைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். அதே ரெனால்ட்ஸின் கதைகளைத்தான் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழ்ப் பெயரும் தமிழ் ஊரும் போட்டு எழுதினார், நம் பாட்டன்மார் விடிய விடியப் படித்தார்கள்.

நம்மிடமும் இப்படித் தேடிப் படிக்கிற வேலை நடக்காமல் இல்லை. சென்னையின் குஜிலி என்ற கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயர் சொல்லி எழுதினார். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள்தான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் ஆய்வாளர் எதைப் படிப்பார்?

என் கருத்து இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை என்றால் 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்று பரீட்சைக்கு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சரி, அது முதல் நாவல், மரியாதை உண்டு. ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்த கூட்டமும், படிக்கவே தெரியாமல் காதால் கேட்ட கூட்டமும் அழுதது தேசிங்குராஜனுக்கும் நல்லதங்காளுக்கும். கப்பலேறி பினாங்குக்கு வந்தவர்களின் இலக்கியம் அது. அதைக் குப்பை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பட்டணத்துப் பல்கலைக்கழகம் வந்து பரணில் ஏறாது, நாம்தான் ஏற வேண்டும். கிடைத்தால் ஒட்டுப்போடாதீர்கள், செலோடேப் தாளைத் தின்றுவிடும். ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

யார் வீட்டிலாவது பெரிய எழுத்து நல்லதங்காள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த முதல் நான்கு பக்கம் வேண்டும்.